போஸ்ட்கிரெஸில் பழைய நிரலை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி பக்கத்து மாணவர்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குப் பங்களிக்க வரும்போது, பயன்படாத பழைய நிரலை நீக்கும் வேலையைத்தான் பெரும்பாலும் முதலில் கையில் எடுக்கிறார்கள். நல்ல தேர்வு. பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பழக அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அதே சில குழிகளில்தான் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, கம்பைல் ஆகாத பேட்ச் (நிரலில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு) ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கருவிகளே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘யாரும் பயன்படுத்தவில்லை, எடுத்துவிடலாம்’

எனக்கு இன்றும் ஆத்திரம் வரவழைப்பது இதுதான். அண்மையில் ஒரு மாணவி, அட்டவணையின் ஒரு வரிசை (row) வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டுவிட்டது என்று குறிக்கும் ஹீப்_மூவ்ட்_ஆஃப் என்ற கொடியையும் அதைச் சரிபார்க்கும் நிபந்தனைகளையும் வேரோடு பிடுங்கிய பேட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். “சார், இந்தக் கொடியை ஏற்றும் வரி எங்குமே இல்லை. சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன” என்றார். இரண்டுமே உண்மை. 2010-இல் வெளிவந்த 9.0 பதிப்பில், அட்டவணையைச் சுருக்கி இடத்தை மீட்கும் வேக்கியூம் ஃபுல் கட்டளை மாற்றி எழுதப்பட்டபின் அந்தக் கொடியை எந்த நிரலும் ஏற்றுவதில்லை. ஆனால், பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்தவர்களுக்காக அதை விட்டுவைத்திருப்பதாக அதே வரிக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கிறது. அதை அவர் படிக்கவில்லை.

பதிப்பை மேம்படுத்தும் கருவியான பிஜி_அப்கிரேடு, அட்டவணைக் கோப்புகளைத் திருத்தி எழுதுவதில்லை. இருப்பதை இருந்தபடியே புதிய பதிப்பிடம் ஒப்படைக்கிறது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்று 8.4-இல் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்திருந்தால், 2009-இல் எழுதிய வரிசை ஒன்று அதே பைட்டுகளுடன் இன்றும் டிஸ்கில் கிடக்கக்கூடும். நிபந்தனையை நீக்கினால், இடம் மாற்றப்பட்ட வரிசையின் பழைய பிரதியும் உயிருள்ளதாகத் தெரியலாம். ஒரே பில் இரண்டு முறை வரும். பிழைச் செய்தி வராது, சர்வரும் நிற்காது. நம்பியவரின் அடிமடியிலேயே கை வைக்கிற வேலை இது.

சோதனைகள் ஏன் தேறின? அவை புதிதாக உருவாக்கிய தரவில் ஓடுகின்றன. பாலாறு வறண்டிருக்கிறது என்று நடு ஆற்றில் வீடு கட்டியவன், 2021 நவம்பர் வெள்ளத்தில் என்ன ஆகியிருப்பான்?

நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் மறைவான அடையாள எண் வைத்திருந்த ‘வித் ஓஐடிஸ்’ அட்டவணைகளை 12-ஆம் பதிப்பில், 2019-இல், எடுத்தார்கள். அப்படிப்பட்ட அட்டவணை இருந்தால் மேம்படுத்தல் தொடங்கும் முன்பே நின்றுவிடும்படி பிஜி_அப்கிரேடில் ஒரு சோதனையும் வைத்தார்கள். நீக்குவதென்றால் இப்படி நீக்க வேண்டும்.

நீட்சிகளை மறப்பது

மூல நிரலுக்குள் கிரெப் போட்டுத் தேடினால், வரைபடத் தரவுக்கான நீட்சியான (extension) போஸ்ட்ஜிஐஎஸ் வராது. அது தனிக் களஞ்சியம். அதைப் போன்ற நீட்சிகள் பல இருக்கின்றன. ஹெடர் கோப்பில் அறிவித்த எந்தச் செயற்கூறையும் அவை அழைக்கலாம்.

‘என் லேப்டாப்பில் கம்பைல் ஆகிறது’

போதாது. விண்டோஸுக்கு மட்டுமான நிரல் பகுதிகளை உங்கள் லினக்ஸ் கம்பைலர் பார்ப்பதே இல்லை.

நீக்கும் பேட்சிலேயே நிரலின் வடிவத்தையும் அழகுபடுத்துவது

வேண்டாம்.

வரலாறு படிக்காமல் கை வைப்பது

‘கிட் லாக் -எஸ்’ (பெரிய எழுத்து S) என்று, தேடும் சொல்லையும் சேர்த்துப் போட்டு, அந்த வரி எந்த கமிட்டில் எதற்காக வந்தது என்று முதலில் பாருங்கள். காப்புப்பிரதி எடுக்கும் பழைய வழியான எக்ஸ்குளூசிவ் பேக்கப் முறை 9.6-லேயே கைவிடப்பட வேண்டியது என்று ஆகிவிட்டது. நீக்கியது 15-ஆம் பதிப்பில்தான். இடையில் ஆறு ஆண்டுகள். பயனர்கள் தங்கள் ஸ்கிரிப்டுகளை மாற்றிக்கொள்ள அந்த அவகாசம் தேவைப்பட்டது.