உயரமான கொட்டகைப் பட்டறையில் ஃபர்னஸ் புகையை வெளியே அனுப்புவது எப்படி

முகடு இருபத்தைந்து, முப்பது அடி உயரத்தில் இருக்கும் பண்ணைக் கொட்டகையைப் பட்டறையாக்கி, குளிருக்கு ஒரு ஃபர்னஸ் (கேஸையோ விறகையோ எண்ணெயையோ எரித்து இடத்தைச் சூடாக்கும் கருவி) வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அவ்வளவு தூரத்துக்குக் குழாய் வாங்கிக் கட்டுவானேன், பக்கச் சுவரில் ஓட்டை போட்டு விட்டுவிடக்கூடாதா? சில ஃபர்னஸ்களுக்குத் தாராளமாகச் செய்யலாம், சிலவற்றுக்கு அது உயிரோடு விளையாடுகிற காரியம். உங்களுடையது எது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஃபர்னஸின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டிலும் கூட வந்த கையேட்டிலும் அது இருக்கும். கேஸில் ஓடுகிற, செயல்திறன் 80 சதவீதத்தை ஒட்டிய ஃபர்னஸ் என்றால் வெளியேறும் புகை நல்ல சூடாக இருக்கும், அந்தச் சூட்டாலேயே அது மேலே ஏறும். இதற்கு பி-வென்ட் எனப்படும் இரட்டைச் சுவர் உலோகக் குழாய் வேண்டும், அது கூரைக்கு மேலேதான் போக வேண்டும். இதில் பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்: உள்ளே சின்னதாக ஒரு ஃபேன் இருக்கிறதே, அது புகையைச் சுவர் வழியாகத் தள்ளிவிடாதா என்று நினைப்பார்கள். அந்த ஃபேன் வெப்பப் பரிமாற்றிக்குள் (புகையின் சூட்டை அறைக் காற்றுக்கு மாற்றும் பகுதி) புகையை இழுப்பதற்கு மட்டும்தான், அதைத் தாண்டி மேலே கொண்டுபோவது குழாயின் இழுவையே. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட வகை வேறு மாதிரி. அதில் புகை ஆறிப்போய், கிட்டத்தட்ட 40 முதல் 60 டிகிரி செல்சியஸில் வெளியே வரும், ஃபேனே தள்ளும், கையேடு சொல்கிற பிளாஸ்டிக் குழாய் போதும், பக்கச் சுவர் வழியாகவே விடலாம். விறகு ஃபர்னஸ் என்றால் பி-வென்ட் பக்கமே போகாதீர்கள். அதன் உள்சுவர் அலுமினியம், விறகுப் புகையின் சூட்டையோ, உள்ளே படிந்த கிரியோசோட் என்ற தார் போன்ற கறை தீப்பிடிப்பதையோ அது தாங்காது. விறகுக்கு வெப்பக்காப்பு வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகைபோக்கி மட்டும்தான். எண்ணெய் ஃபர்னஸுக்கும் அதுவோ, எண்ணெய்க்கென்றே வரும் எல்-வென்ட்டோ வேண்டும், பி-வென்ட் கூடாது. விறகு அடுப்பையும் கேஸ் ஃபர்னஸையும் ஒரே குழாயில் சேர்க்கவும் கூடாது.

பக்கச் சுவர் வகைக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். குழாய் ஃபர்னஸை நோக்கித் தாழ்ந்து வர வேண்டும், அடிக்குக் கால் அங்குலம் சரிவு. புகை ஆறும்போது உள்ளே சேரும் நீர் அமிலத் தன்மை உள்ளது, சுண்ணாம்புக்கல் நிரப்பிய டப்பா வழியாக விட்டு அப்புறம் வடிகாலில் விடுங்கள். இரவில் ஃபர்னஸை அணைத்துவிட்டுப் போகிற பட்டறையில் அந்த நீர் தேங்கும் வளைவு உறைந்துவிடும், மறுநாள் காலையில் ஃபர்னஸ் எரியாது. எனவே ஆள் இல்லாத நேரத்திலும் உறைநிலைக்கு மேலே ஒரு குறைந்த சூட்டில் விட்டுவைப்பது நல்லது.

இனி கூரை வழி. உயரம் உங்களுக்கு எதிரி இல்லை, அது இலவசமாகக் கிடைத்த இழுவை. வெளியே 0 டிகிரி, குழாயில் சராசரி 100 டிகிரி, உயரம் 8 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 27 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுவை கிடைக்கும். கேஸ் ஃபர்னஸுக்கு இது தாராளம். எண்ணெய் ஃபர்னஸுக்கோ இது அதிகம், அதன் தீ அறையில் 5 பாஸ்கல் அளவே போதும், மிச்சமெல்லாம் உங்கள் சூட்டை மேலே உறிஞ்சிக்கொண்டு போகும். அதனால் உயரமான இடத்தில் எண்ணெய் ஃபர்னஸ் வைத்தால் இழுவை கூடினால் தானாகத் திறந்து அறைக் காற்றைக் குழாய்க்குள் விட்டு அதைக் குறைக்கும் பாரோமெட்ரிக் டேம்பர் என்ற கதவு கட்டாயம் வேண்டும்.

ஆனால் அந்த இழுவை குழாய் சூடாக இருக்கும் வரைதான். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். குழாயின் உள்சுவர் சுமார் 50 டிகிரிக்குக் கீழே போனால் அது தண்ணீராகி வழியும், துரு பிடிக்கும், இழுவையும் குறையும். ஆகவே குழாயைக் கொட்டகைக்கு உள்ளேயே நேராக மேலே கொண்டுபோங்கள், வெளிச்சுவரை ஒட்டிக் குளிரில் ஏற்றாதீர்கள். பெரிய குழாயாகப் போட்டால் நன்றாக இழுக்கும் என்ற எண்ணமும் தப்பு, அகலமான குழாயில் புகை மெதுவாக ஏறி வழியிலேயே ஆறிவிடும். உயரம், பக்கவாட்டு நீளம், ஃபர்னஸின் பிடியூ (மணிக்கு எவ்வளவு வெப்பம் என்ற அளவு, தகட்டில் இருக்கும்) மூன்றையும் வைத்து குழாய் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்தே அளவை முடிவு செய்யுங்கள்.

இடம் குறிக்க தூக்குக்குண்டை விட நல்ல கருவி இல்லை. கூரையின் அடிப்பக்கம், இரண்டு கைமரங்களுக்கு நடுவே, முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து நூலைத் தொங்கவிடுங்கள். குண்டு ஆடி ஓய்ந்ததும் அது தரையில் காட்டுகிற புள்ளிதான் குழாயின் மையம். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஃபர்னஸை வையுங்கள், ஃபர்னஸை எங்கேயோ வைத்துவிட்டுக் குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோகாதீர்கள். வழியில் உத்தரம் குறுக்கிட்டால் 45 டிகிரி வளைவு இரண்டு போட்டு ஒதுங்கலாம், உத்தரத்தை வெட்டவே கூடாது. ஃபர்னஸிலிருந்து செங்குத்துக் குழாய் வரை போகும் இணைப்பு முடிந்த வரை குட்டையாக, அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏறுவதாக இருக்கட்டும். பி-வென்ட் துண்டுகளைத் திருகிப் பூட்டும்போது அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும், உள்சுவரைத் துளைக்கும் திருகாணியைப் போடாதீர்கள்.

மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி? பி-வென்ட்டுக்கு பொதுவாக 1 அங்குலம், வெப்பக்காப்புள்ள புகைபோக்கிக்கு 2 அங்குலம், கேஸ் ஃபர்னஸின் ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு 6, விறகின் ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு 18. கையேடு வேறு எண் சொன்னால் கையேடே செல்லும். அந்த இடைவெளி காற்றுக்கானது, வீணாகக் கிடக்கிறதே என்று அதில் கண்ணாடி நாரைத் திணிக்காதீர்கள். கொட்டகையில் பரண் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் வைக்கோலோ பலகையோ ஒரு நாள் அந்தக் குழாய்மேல் சாயத்தான் போகிறது. தளத்தைத் துளைக்கும் இடத்தில் தீத்தடுப்புத் தகடு போட்டு, பரணில் குழாயைச் சுற்றி ஒரு பெட்டி அடைப்பு கட்டிவிடுங்கள்.

தகரக் கூரையில் ஓட்டையைத் தகட்டின் மேடான வரியில் போடாமல் சமதளத்தில் போடுங்கள். சூடு தாங்கும் சிலிக்கோன் பூட் (குழாயைச் சுற்றி ஓட்டையை அடைக்கும் உறை) எடுத்து, அதன் மேல் விளிம்பு மேல் தகட்டுக்கு அடியிலும் கீழ் விளிம்பு கீழ்த் தகட்டுக்கு மேலும் வருமாறு வைத்தால் மழை உள்ளே வராது. பனி விழும் இடமானால் முகட்டை ஒட்டி வெளியே எடுப்பதுதான் புத்திசாலித்தனம், கீழே வைத்தால் சரிந்து வரும் பனி குழாயை முறித்துவிடும். கூரைக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதற்கு வட அமெரிக்காவின் என்எஃப்பிஏ (தீப் பாதுகாப்புச் சங்கம்) விதிகள் நல்ல வழிகாட்டி: பி-வென்ட், 12-க்கு 6 சரிவு (12 அடி கிடையாகப் போனால் 6 அடி ஏறுவது) வரை ஒரு அடி, 12-க்கு 12 என்ற செங்குத்துக் கூரையில் நான்கு அடி. விறகுப் புகைபோக்கி, கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி, அதோடு 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும் விட 2 அடி உயரம். ஐந்து அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் கம்பி வைத்து முட்டுக் கொடுங்கள்.

பட்டறைகளில் நான் அதிகம் பயப்படுவது குழாயைப் பற்றி அல்ல, தூசி உறிஞ்சியைப் பற்றி. மரத்தூளை இழுத்து வெளியே தள்ளுகிற உறிஞ்சியோ, பெயின்ட் வாடையை வெளியேற்றும் ஃபேனோ ஓடும்போது, கதவுகள் இறுக்கமாக மூடியிருந்தால், அது காற்றை எங்கிருந்து எடுக்கும்? எளிதாகத் திறந்திருக்கும் ஒரே வழி ஃபர்னஸின் புகைக்குழாய். புகை தலைகீழாக உள்ளே இறங்கும், உங்கள் இழுவைக் கணக்கெல்லாம் அந்த நொடியில் போய்விடும். உறிஞ்சியின் காற்றை வடிகட்டி உள்ளேயே விடுங்கள், அல்லது அதற்கு ஈடான காற்று உள்ளே வர வழி செய்யுங்கள். ஃபர்னஸுக்கான காற்றுக் கணக்கு தனி: 1000 பிடியூவுக்கு 50 கன அடி இடம். ஒரு லட்சம் பிடியூ ஃபர்னஸ் என்றால் 5000 கன அடி, பெரிய கொட்டகையில் அது இருக்கும், ஆனால் ஃபர்னஸைச் சின்ன அறைக்குள் அடைத்தால் தரையை ஒட்டி ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாகக் காற்று வழி வேண்டும். முடிந்தால் எரிய வேண்டிய காற்றையும் வெளியிலிருந்தே குழாயில் எடுக்கும் மூடிய வகையை வாங்குங்கள், தின்னர் வாடையும் மரத்தூளும் நெருப்புக்குப் போகாது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. கதவு ஜன்னல்களை மூடுங்கள், தூசி உறிஞ்சி உட்பட எல்லா ஃபேனையும் ஓடவிடுங்கள், ஃபர்னஸைப் பற்றவைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். டிராஃப்ட் ஹூட் (புகை வெளியேறும் இடத்தில் அறைக் காற்றுக்குத் திறந்திருக்கும் கூண்டு) உள்ள ஃபர்னஸானால் அதன் வாயருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் சரி. தயங்கி நின்றாலோ உங்கள் முகத்தை நோக்கி வந்தாலோ ஃபர்னஸை உடனே அணைத்து, காற்று வழியைச் சரிசெய்யாமல் மறுபடி பற்றவைக்காதீர்கள். ஹூட் இல்லாத வகைக்கு இந்த ஊதுபத்தி வேலைக்காகாது, தொழில்நுட்பாளரை அழைத்துக் கருவியால் இழுவையை அளக்கச் சொல்லுங்கள். கேஸ் இணைப்பும் எப்படியும் அவர் செய்ய வேண்டியதுதான்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை முகட்டில் மாட்டாதீர்கள், அந்த வாயு காற்றோடு கலந்தே பரவும், நீங்கள் மூச்சு விடுகிற உயரத்தில், வேலை மேசை இருக்கும் பக்கம், ஃபர்னஸிலிருந்து சில அடி தள்ளி மாட்டுங்கள். மேலே குழாயின் மூடியை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்பு பார்த்துவிடுங்கள், குருவியும் குளவியும் கோடையில் அங்கே குடியேறியிருக்கும்.