"எல்லாம் டென்ஷன்தான்" என்று சொல்வதற்கு முன்

கணவரை இழந்து பதினைந்து நாள்கூட ஆகாத ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். மூச்சு வாங்குகிறது. "அழுது அழுது உடம்பு தளர்ந்துபோச்சு, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் படுங்க" என்கிறார்கள் உடனிருப்பவர்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் துக்கத்தையும் நோயையும் முடிச்சுப் போடுவதில் நாம் செய்யும் தவறுகளிலேயே உயிருக்கு உலை வைப்பது இதுதான்.

பெரிய அதிர்ச்சியின்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் மளமளவென்று சுரந்து, இதயத்தின் இடது கீழறை உப்பிப்போய்ச் சரியாகச் சுருங்காமல் திணறுவது உண்டு. 1990-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர்கள், 'டாகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். அங்கே மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படுத்தும், கழுத்து குறுகிய பானையின் பெயர் அது. உப்பிய இதயம் அந்த வடிவத்தில் இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. ஈசிஜியிலும் ரத்தப் பரிசோதனையிலும் அச்சு அசலாக மாரடைப்பு போலத் தெரியும். பெரும்பாலும் ஆஞ்சியோகிராம் எடுத்துத்தான் வேறுபடுத்துகிறார்கள். பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழையபடி ஆகிவிடும், ஆனால் முதல் சில நாட்கள் சிக்கலானவை. உண்மையான மாரடைப்பும் நெருங்கியவரை இழந்த முதல் நாட்களில் கூடுதலாகத்தான் வருகிறது. துக்க வீட்டில் நெஞ்சுவலி என்றால் வழக்கத்தைவிட வேகமாக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அடுத்த தவறு, நோய் வந்த பிறகு பின்னோக்கிப் போய்க் காரணம் தேடுவது. யாருடைய வாழ்க்கையிலும் கடந்த இரண்டு வருடத்தைத் துழாவினால் ஏதோ ஒரு கஷ்டம் அகப்படும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். புற்றுநோய் வந்தவரிடம் "எல்லாத்தையும் மனசுலயே போட்டு அழுத்திக்கிட்டீங்க, அதான்" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், வேலை அழுத்தத்துக்கும் குடல், நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கும் தொடர்பு தென்படவில்லை. ஏற்கெனவே நோயோடு போராடுகிறவர் தலையில் பழியையும் ஏன் ஏற்ற வேண்டும்? வயிற்றுப் புண்ணையும் இப்படித்தான் பல காலம் கவலையின் கணக்கில் எழுதினார்கள். பிறகு ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அதற்குக் காரணமான ஒரு பாக்டீரியாவைக் காட்டினார்கள். 2005-ல் அதற்கு நோபல் பரிசு. மன அழுத்தம் புண்ணை மோசமாக்கலாம்தான். ஆனால் அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் இல்லாமல் தீராது.

வாழ்க்கையில் நடந்ததற்கெல்லாம் மதிப்பெண் போட்டு நோய் வருமா என்று சொல்லும், இணையத்தில் சுற்றும் பட்டியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் புள்ளி கொடுத்தார்கள். துணையின் மரணம் 100, விவாகரத்து 73, திருமணத்துக்கும் 50. ஒரு வருடக் கணக்கு 300-ஐத் தாண்டினால் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பார்கள். உங்களுக்குத் தாண்டிவிட்டதா? சரி, தாண்டட்டும். பின்னர் சுமார் 2,500 கடற்படையினரிடம் சோதித்தபோது நோயோடு தொடர்பு இருந்தது, ஆனால் மிகச் சிறியது. அதிகப் புள்ளி வாங்கியும் நலமாக இருப்பவர்கள் ஏராளம்.

இத்தனை சொன்னதால் "அப்போ எல்லாம் மனப்பிரமைதானா" என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. 1995-ல் அமெரிக்காவின் ஓஹியோவில் நடந்த ஓர் ஆய்வில், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு, கிட்டத்தட்ட ஒரு மிளகு அகலத்துக்கு, தோலை எடுத்தார்கள். அப்படிப்பட்ட சுமை இல்லாத 13 பெண்களுக்கும் அதே காயம். பராமரிக்கிறவர்களின் காயம் ஆற சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்தச் சின்னக் காயம் வெளியே காட்டிவிட்டது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு ஒரே நாளில் இடி விழவில்லை, தினமும் சுமந்தார்கள். ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளர் ஆட்களின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தபோதும், ஒரு மாதத்துக்கு மேல் நீண்ட பிரச்சினைகள் உள்ளவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது. நாமோ சாவு, விபத்து என்று பெரிய சம்பவங்களை மட்டும் எண்ணிக்கொண்டு, வருடக்கணக்காகப் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் மகளைக் கவனிக்கத் தவறுகிறோம்.

அப்புறம், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கண்ணெதிரே நடப்பது தெரியாமல் போகும். தூக்கம் கெடுகிறது, சாப்பாடு தப்புகிறது, சிகரெட் கூடுகிறது, சர்க்கரை மாத்திரை மறந்துபோகிறது. பாதிக் கெடுதல் இந்த வழியில்தான் உடம்புக்குள் நுழைகிறதோ என்று எனக்குத் தோன்றும். இதைச் சரிசெய்ய ஹார்மோன் அறிவு தேவையில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வீட்டில் ஒருவர் போதும்.

டாக்டரிடம் போகும்போது "ஸ்ட்ரெஸ் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். "அப்பா போன மாதம் இறந்துட்டார். ராத்திரி மூணு மணி நேரம்தான் தூங்குறேன். பிரஷர் மாத்திரையை எப்ப விட்டேன்னு ஞாபகமில்லை. நேத்துலேருந்து படியேறினா நெஞ்சு அடைக்குது" என்று சொல்லுங்கள்.