ஓப்பன்சீஸில் சட்டகம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கம் கட்டும் இரண்டு மாடி வீட்டுக்கு ஓப்பன்சீஸில் சட்டகம் (தூணும் உத்திரமும் சேர்ந்த கணினி மாதிரி) போடுகிறவர்கள் முதலில் சறுக்குவது அலகில்தான். அமெரிக்காவின் பெர்க்கிலியில் நிலநடுக்க ஆய்வுக்காக உருவான இந்த மென்பொருளுக்கு மீட்டரும் தெரியாது, மில்லிமீட்டரும் தெரியாது. எண் மட்டும்தான். நியூட்டன், மி.மீ., வினாடி என்று எடுத்தால் நிறையை டன்னில் கொடுக்க வேண்டும். கான்கிரீட்டின் அடர்த்தி கன மி.மீ.க்கு 2.5×10⁻⁹ டன். பழக்கதோஷத்தில் கிலோவில் போட்டால் நிறை 1,000 மடங்காகி, அதிர்வுக் காலம் (வீடு ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம்) சுமார் 32 மடங்கு நீளும். இதே அலகில், எடையைப் புவியீர்ப்பு முடுக்கமான 9,810-ஆல் வகுக்காமல் நிறையாகக் கொடுத்தால் சுமார் 99 மடங்கு. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அடுத்தது தூணின் திசை. 230×300 மி.மீ. தூணின் அச்சைத் திருப்பி வைத்துவிட்டால் விறைப்பு 1.7 மடங்கு மாறிப்போகும். கண்டுபிடிக்க ஒரே ஒரு தூண் போதும். உயரம் 3 மீட்டர், எம்25 கான்கிரீட் (வலிமை சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன்), அடி அசையாத இறுக்கம், உச்சியில் 10 கிலோநியூட்டன் பக்கவாட்டு விசை. 300 மி.மீ. பக்கத்தின் திசையில் தள்ளினால் நகர்வு 6.96 மி.மீ. வர வேண்டும். 11.8 வந்தால் அச்சு மாறியிருக்கிறது. முழு வீட்டுக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள்; பத்து நிமிட வேலை.

செங்குத்துச் சுமை முடிந்ததும், அதை அதே அளவில் நிறுத்திவைக்கும் 'லோட்கான்ஸ்ட்' கட்டளையை மறப்பவர்கள் ஏராளம். அது இல்லாவிட்டால், பக்கவாட்டில் தள்ளத் தள்ள வீட்டின் எடையும் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். செங்குத்துச் சுமை ஏறியதும் அடித்தள எதிர்வினைகளை (அடித்தளம் திருப்பித் தாங்கும் விசைகளை) கூட்டிப் பாருங்கள். மொத்த எடைக்குச் சமமாக இல்லையென்றால் மேலே போகாதீர்கள். ஓப்பன்சீஸைப் பைத்தான் மொழியில் ஓட்டினால், எதிர்வினையைக் கேட்பதற்கு முன் 'ரியாக்‌ஷன்ஸ்' கட்டளையை ஓட்டினால்தான் சரியான எண் கிடைக்கும்.

கான்கிரீட்டின் அமுக்க வலிமையை எதிர்மறை எண்ணாகக் கொடுப்பதே ஓப்பன்சீஸில் வழக்கம். தூணுக்கு நகர்வு சார்ந்த உறுப்பு வகையை (dispBeamColumn) எடுத்தால், ஒரு தூணை நாலைந்து துண்டாகப் பிரியுங்கள். ஒரே துண்டாக விட்டால் தூண் உள்ளதைவிட வலுவாகத் தெரியும்.

இதையெல்லாம்விட எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது கடற்கரைதான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்கிறது: குறைந்தது எம்30, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்). ஓப்பன்சீஸ் இந்த விதி எதையும் சரிபார்க்காது, 25 மி.மீ. கவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். குளச்சலிலோ முட்டத்திலோ உப்புக்காற்று பட்ட பழைய வீட்டுக்கு மாடி ஏற்றலாமா என்று பார்க்கும்போது, வரைபடத்தில் உள்ள 16 மி.மீ. கம்பியை அப்படியே போடாதீர்கள். துரு தின்று 14 மி.மீ. ஆகியிருந்தால் பரப்பு 201-லிருந்து 154 சதுர மி.மீ.க்கு இறங்கிவிடும், கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. கவர் பெயர்ந்த இடத்தில் கம்பியைச் சுரண்டி, வெர்னியரில் அளந்து, அந்தப் பரப்பை உள்ளிடுங்கள். பெயர்ந்த கான்கிரீட்டையும் வெட்டுமுகத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.