யாழ்ப்பாணத்திலிருந்து சித்த, ஆயுர்வேத வைத்தியத்துக்கு இந்தியா போவது எப்படி?

அம்மாவின் முழங்கால் வருத்தத்துக்காகச் சென்னை போய் வந்தோம். முதல்தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் கைதடிக்குப் போங்கள். அங்கே சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. எண்ணெயும் ஒற்றடமும் கசாயமும் போதும் என்றால், கடல் தாண்டத் தேவையே இல்லை.

2. போகத்தான் வேண்டுமென்றால் இடத்தைத் தீர்மானியுங்கள். சித்தத்துக்குச் சென்னையில், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உண்டு; அது இந்திய மத்திய அரசினுடையது. ஆயுர்வேதம் என்றால் கேரளத்தில் 1902 இல் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை. உடலைச் சுத்தப்படுத்தும் ஆயுர்வேதச் சிகிச்சையான பஞ்சகர்மத்துக்கு இரண்டு மூன்று கிழமையாவது தங்க வேண்டிவரும். என்ன சிகிச்சை, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று எழுத்தில் கேளுங்கள். நோயாளியைப் பார்க்காமலே "முற்றாக மாற்றித் தருவோம்" என்பவர்களிடம் போகாதீர்கள்.

3. விசா. ஆயுர்வேதம், சித்தம் போன்ற வைத்தியத்துக்கு வருபவர்களுக்காக இந்தியா 2023 ஜூலையில் ஆயுஷ் விசா என்று தனி வகை கொண்டுவந்தது. அதற்குச் சிகிச்சை நிலையத்தின் கடிதம் வேண்டும். கூடப் போகிறவருக்கும் தனி விசா எடுக்க வேண்டும். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். அரச இணையத்தளத்தைப் போலவே போலித் தளங்களும் உண்டு, கவனம்.

4. பயணம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் காலநிலையைப் பொறுத்தது. கால் ஏலாதவர்களுக்கு விமானம்தான் நல்லது.

5. மருந்து. இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். குடிக்கும் குளிசை எல்லாவற்றின் பெயரையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நாங்கள் போன ஓர் இடத்தில் அம்மாவின் சீனி வருத்தக் குளிசையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. இங்கேயுள்ள டொக்டரைக் கேட்காமல் சீனி, பிரஷர் குளிசைகளை நிறுத்தவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிப்பவர்கள் இன்னும் கவனம்; சில மூலிகைகள் அதோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம்.

பற்பம், செந்தூரம் (உலோகம், தாதுக்களைப் புடம்போட்டுச் செய்யும் பொடி மருந்துகள்) தந்தால் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பாதரசமோ ஈயமோ உடலில் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். பெயரில்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். மருந்துச் சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

அப்புறம், ஊருக்கு வந்ததும் அந்த மருந்துகளை உங்கள் கிளினிக் டொக்டரிடம் காட்டி, இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஏசுவார் என்று பயந்து மறைக்க வேண்டாம். அம்மாவின் டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.