மும்பைக்குப் புதிதாக வந்தவர்களே, முதலில் அந்த இங்கிலீஷ் ‘வில்’லைக் கீழே வையுங்கள்

எல்.டி.டி. (லோகமான்ய திலக்) ரயில் நிலையத்திலோ சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ்) ரயில் நிலையத்திலோ பெட்டி படுக்கையோடு இறங்கியதும் இங்கிலீஷ் தேவைப்படாது. ஆட்டோக்காரரிடம் இந்தி, காய்க்காரம்மாவிடம் இந்தியும் மராத்தியும் கலந்த ஏதோ ஒன்று, மாட்டுங்காவிலும் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தமிழே போதும். இங்கிலீஷ் நம்மை மடக்குகிற இடங்கள் வேறு. அந்தேரியிலோ பவாயிலோ நடக்கிற இன்டர்வியூ, பேங்க் கவுன்ட்டர், பிள்ளையின் ஸ்கூலில் டீச்சரைப் பார்க்கும் நாள், வீட்டு ஓனருடன் பேச்சு. இங்கெல்லாம் கேட்பது அன்றாட விஷயம்தான். என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், பையன் எத்தனை மணிக்குத் தூங்குவான். இதற்கு சிம்பிள் ப்ரெசன்ட் என்கிற சாதாரண நிகழ்காலம் ஒன்றே முக்கால்வாசி தூரம் கொண்டுபோய்விடும்.

நம் ஊர்க்காரர்கள் அதில் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். தமிழில் தினசரிப் பழக்கத்தை எதிர்கால வினையில்தான் சொல்வோம். “காலையில ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், குளிச்சிட்டு டிரெயின் பிடிப்பேன்.” நாளைக்குச் செய்யப்போவதைச் சொல்லவில்லை, நடப்பதைத்தான் சொல்கிறோம். அதை அப்படியே மாற்றும்போது ‘வில்’ வந்து உட்கார்ந்துகொள்ளும்: “ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ், ஐ வில் கேட்ச் தி ட்ரெயின்.” இங்கிலீஷ்காரன் காதில் இது நாளைய திட்டம். பழக்கத்தைச் சொல்ல வெறும் வினை போதும்: “ஐ கெட் அப் அட் சிக்ஸ். ஐ கேட்ச் தி ட்ரெயின்.”

இன்டர்வியூவில் இந்த வித்தியாசம் காசு விஷயம். இப்போது பார்க்கிற வேலையைச் சொல்லுங்கள் என்று கேட்டால், “ஐ வில் செக் தி ஸ்டாக், ஐ வில் மேக் தி பில்” என்கிறோம். கேட்பவருக்கு அது ‘வேலை கொடுத்தால் செய்கிறேன்’ என்று விழும். கையில் அனுபவம் இருந்தும் அது மேஜைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேராது. “ஐ செக் தி ஸ்டாக். ஐ மேக் தி பில். ஐ டாக் டு தி கஸ்டமர்ஸ்.” இவ்வளவுதான். சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தாலும் வேலை தெரிந்த ஆள் பேசுவது போல இருக்கும். விட்டுவிட்டு வந்த வேலை என்றால் செக்ட், மேட் என்று இறந்தகாலத்துக்குப் போங்கள்.

‘மாட்டேன்’, ‘மாட்டான்’ இதற்குத் தம்பி. “என் தம்பி மீன் சாப்பிட மாட்டான்” என்பதை “ஹி வில் நாட் ஈட் ஃபிஷ்” என்றால், தட்டை முன்னால் வைத்தும் அடம்பிடிக்கிறான் என்பது போல இருக்கும். மீன் சாப்பிடும் பழக்கமே இல்லை என்று சொல்ல “ஹி டஸன்ட் ஈட் ஃபிஷ்.” வீடு பார்க்கப் போகும்போது இந்த வாக்கியம் கட்டாயம் தேவைப்படும். சில சொசைட்டிகளில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில், வாடகைக்கு முன்னால் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்கள்.

அடுத்தது அந்த எஸ். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி போடுகிற நமக்கு இங்கிலீஷ் ஒரே ஒரு விகுதிதான் வைத்திருக்கிறது. ஹி, ஷி, இட், அல்லது அந்த இடத்தில் வரும் ஒற்றை ஆள், ஒற்றைப் பொருள். அதற்கு மட்டும் எஸ். “ஐ லிவ் இன் செம்பூர், மை பிரதர் லிவ்ஸ் இன் டோம்பிவ்லி.” மரியாதைக்கு இங்கே வேலையே இல்லை. ‘அவர் சொல்கிறார்’ என்று பன்மை விகுதி போட்டுப் பழகிய நாக்கு மேனேஜரைப் பற்றிப் பேசும்போது எஸ்ஸை விழுங்கிவிடும். மேனேஜர் ஆனாலும் டீ கொண்டுவரும் பையன் ஆனாலும் ‘ஹி செஸ்’, ‘ஹி பிரிங்ஸ்’தான். கோ என்பது கோஸ், டூ என்பது டஸ், ஹேவ் என்பது ஹேஸ். டீச், வாட்ச், வாஷ் போல ச், ஷ் ஒலியில் முடிந்தால் டீச்சஸ், வாட்சஸ், வாஷஸ் என்று ஓர் அசை கூடும். எழுதும்போது ஸ்டடி என்பதில் கடைசி ஒய் போய் ஐ.இ.எஸ். வரும், ப்ளே என்பதில் ஒய் அப்படியே நின்று எஸ் மட்டும் சேரும், ஏனென்றால் அதற்கு முன்னால் இருப்பது உயிரெழுத்து.

மும்பையில் குடிவந்த முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? பல கட்டடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கார்ப்பரேஷன் தண்ணீர். ‘வரும்’ என்பதைப் பார்த்து மறுபடி ‘வில்’லைத் தேடாதீர்கள். “வாட் டைம் டஸ் தி வாட்டர் கம்?” டஸ் முன்னால் வந்ததும் ‘கம்ஸ்’ என்பதில் இருந்த எஸ்ஸை அதுவே எடுத்துக்கொண்டது. அதனால் ‘டஸ் தி வாட்டர் கம்ஸ்’ கிடையாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு எஸ்தான் ரேஷன். மறுப்பிலும் இதே கணக்கு: “தி வாட்டர் டஸன்ட் கம் இன் தி ஈவினிங்.” பதில் சொல்லும்போது எஸ் வினைக்குத் திரும்பிவிடும்: “இட் கம்ஸ் அட் ஃபைவ்.”

ஸ்டேஷனிலும் அப்படித்தான். “இந்த வண்டி தாதர்ல நிக்குமா?” என்பது “டஸ் திஸ் ட்ரெயின் ஸ்டாப் அட் தாதர்?” ‘வில் திஸ் ட்ரெயின் ஸ்டாப்’ என்றாலும் புரியும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் கால அட்டவணைப்படி தினமும் நடப்பதற்கு டஸ்தான் இயல்பு. சயானில் இறங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சென்ட்ரல் லைனில் ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிடாதீர்கள். தாதரைத் தாண்டினால் பொதுவாக அது நேராகக் குர்லாவில்தான் நிற்கும். “ஃபாஸ்ட் ட்ரெயின்ஸ் டோன்ட் ஸ்டாப் அட் சயான்.” பன்மை என்பதால் இங்கே டோன்ட்.

ஐ.என்.ஜி. பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ஐ ஆம் வொர்க்கிங்’ இந்த நிமிஷத்துக்கு, அல்லது கொஞ்ச காலத்துக்கு. நிரந்தர வேலை என்றால் ‘ஐ வொர்க்’. நோ (தெரியும் என்கிற நோ), நீட், வாண்ட், அண்டர்ஸ்டாண்ட், சொந்தமாக இருப்பதைச் சொல்லும் ஹேவ் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஜி. மாட்ட வேண்டாம். ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிந்தி’ இரண்டும் வேண்டாம். “ஐ ஹேவ் டூ சில்ட்ரன். ஐ நோ எ லிட்டில் ஹிந்தி.” மும்பைக்காரர்களே முதலாவதை நிறையச் சொல்கிறார்கள், அதனால் இங்கே யாரும் திருத்தமாட்டார்கள். வெளிநாட்டு கஸ்டமரோடு பேசும் கால் சென்டர் வேலைக்கு முயற்சி செய்கிறவர்கள் இப்போதே விட்டுவிடுவது நல்லது.

‘நான் திருநெல்வேலி’, ‘அவர் சூப்பர்வைசர்’ என்று வினையே இல்லாமல் நாம் வாக்கியத்தை முடித்துவிடுவோம். இங்கிலீஷ் அப்படி விடாது. ஆம், இஸ், ஆர் ஏதாவது ஒன்று வேண்டும். “ஐ ஆம் ஃப்ரம் திருநெல்வேலி. ஹி இஸ் தி சூப்பர்வைசர்.” இவற்றோடு இன்னொரு வெறும் வினையைச் சேர்த்து ‘ஐ ஆம் கோ’, ‘ஹி இஸ் கம்’ என்று சொல்லக்கூடாது. ‘மைசெல்ஃப் முருகன்’ என்று ஆரம்பிக்கும் பழக்கத்தையும் இங்கேயே இறக்கிவைத்துவிடுங்கள். “ஐ ஆம் முருகன்” போதும்.

யூஷுவலி, ஆல்வேஸ் போன்றவை வினைக்கு முன்னால்: “ஐ யூஷுவலி லீவ் அட் எய்ட்.” ஆம், இஸ், ஆர் வந்தால் அதற்குப் பின்னால்: “ஐ ஆம் ஆல்வேஸ் ஆன் டைம்.” லோக்கல் ட்ரெயினை நம்பி இன்டர்வியூவில் இதைச் சொல்வது உங்கள் பாடு.

கடைசியாக, வீடு அமைந்ததும் ஓனர் நீட்டும் லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமென்ட் என்கிற வீட்டு ஒப்பந்தம். பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடுவார்கள். அதில் பத்திக்குப் பத்தி ‘ஷல்’ என்று வரும். அது வக்கீல் பாஷை, பேச்சுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் சாதாரண இங்கிலீஷில் இவற்றை ஓனரிடமோ புரோக்கரிடமோ கேட்டு வாங்குங்கள்: “டஸ் தி ரென்ட் இன்க்ளூட் மெயின்டெனன்ஸ்?” “ஹூ பேஸ் தி எலெக்ட்ரிசிட்டி பில்?” இரண்டாவதில் டஸ் இல்லாமல் வினையிலேயே எஸ் நிற்பதைப் பாருங்கள். ஹூ என்பதே எழுவாயாக வந்தால் டஸ் தேவையில்லை.