விதையைக் குறை சொல்லுமுன்: வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தல் அவரைக் கொடி மாடியெல்லாம் படர்ந்தும் ஒரு பூகூட இல்லையென்றால், உரத்தைக் கூட்டிப் பயனில்லை. நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும். தையில் விதை போட்டால் மாதக்கணக்கில் இலைதான் மிஞ்சும். ஆடியில் போட்டால் மார்கழி, தையில் காய் பறிக்கலாம். மற்ற மாதங்களிலும் அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விதை வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு இதுதான்: பாக்கெட்டின் படத்தைப் பார்க்கிறோம், பட்டத்தை, அதாவது விதைக்க ஏற்ற பருவத்தை, பார்ப்பதில்லை. சமவெளியில் கேரட், காலிஃபிளவர் விதைகளைச் சித்திரையில் போடுவது வீண். புரட்டாசி, ஐப்பசிக்குப் பிறகு வெயில் தணிந்தால்தான் அவை சரிப்படும்.

அடுத்து, அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கும் எண்ணம் இருந்தால் எஃப்1 என்று அச்சிட்ட வீரிய ஒட்டு ரகம் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது) வேண்டாம். அதன் விதையில் வரும் செடிகள் தாய்ச்செடி போல இருக்காது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, காயும் கலவை. நாட்டு ரகமோ, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 தக்காளி போன்ற ரகமோ நல்லது. பாக்கெட்டில் காலாவதித் தேதியையும் முளைப்புத்திறனையும் படியுங்கள். மிளகாய்க்கு 60 சதவீதம் இருந்தாலே தரச்சான்று கிடைக்கும். ஆகவே பத்தில் ஆறு முளைத்தால் அது கெட்ட விதை அல்ல. பழைய விதையில் சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம். இளஞ்சிவப்பு, பச்சை நிறம் பூசிய விதை பெரும்பாலும் மருந்திட்டது. அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் நாற்று விடத் தேவையில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) விட்டு நடுங்கள். வெண்டை, கொத்தவரை, கீரையை நேரடியாக ஊன்றுங்கள். முள்ளங்கியையும் கேரட்டையும் பிடுங்கி நட்டால் கிழங்கு கவை விட்டுக் கோணலாகும்.

ஆழத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு மண் மூடினால் போதும். கத்தரி விதைக்கு அரை சென்டிமீட்டர், வெண்டைக்கு 2 சென்டிமீட்டர். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, கையால் மெல்லத் தடவிவிட்டால் சரி. பாகல், பீர்க்கு விதைகளின் ஓடு கடினம் என்பதால் ஓர் இரவு ஊறட்டும். மருந்திட்ட விதையை மட்டும் ஊறவைக்க வேண்டாம்.

முளைத்த நாற்று மண்ணை ஒட்டிய இடத்தில் மெலிந்து, சுருங்கி, அப்படியே சாய்ந்தால் அது நாற்றழுகல். மண்ணிலுள்ள பூஞ்சைகள்தான் காரணம் என்றாலும், அவற்றுக்கு வழி விடுவது நாம் ஊற்றும் தண்ணீர். நெருக்கமாகத் தூவி, காலை மாலை இருவேளையும் சொதசொதவென்று நனைத்தால் தப்பாது. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, ஆகவே முன்னேற்பாடுதான் மருந்து. குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, அதில் இரண்டு பங்குக்கு மண்புழு உரம் ஒரு பங்கு சேருங்கள். கலவை ஒரு கிலோவுக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்துவிடுங்கள். குழிக்கு ஒரு விதை. மேல்பரப்பு காய்ந்த பிறகு காலையில் பூவாளியால் தெளித்தால் போதும்.

முளைக்கும்வரை தட்டை மூடி வைக்கலாம். முளை தெரிந்த அன்றே திறந்து, காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும். தக்காளி நெட்டையானால் தண்டைச் சற்று ஆழமாகப் புதைத்து நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மிளகாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

நடும் வயதும் முக்கியம். தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். அதற்குமேல் தட்டிலேயே விட்டால் வேர் சுருண்டு, செடி குள்ளமாக நின்றுவிடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டிப் பழக்குங்கள். மாலையில் நட்டு உடனே தண்ணீர் விடுங்கள்.

மீதி விதையை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் சீக்கிரம் உயிரைப் போக்கும். காற்றுப் புகாத பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், பாட்டிலின் குளிர்ச்சி அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் விதைமேல் படியும். வெங்காய விதையை மட்டும் ஆண்டுதோறும் புதிதாக வாங்குங்கள்.