பள்ளியில் 432 பேர் ஒரே நேரத்தில் கோலம்: கின்னஸ் முயற்சிக்கு எப்படித் தயாராவது?

போன ஜூலையில், இன நல்லிணக்க நாளன்று, சிங்கப்பூரில் என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் 432 பிள்ளைகள் ஒரே நேரத்தில் கோலம் போட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் என்றால் எங்கள் பள்ளியில் அந்த எண்ணிக்கை வராது. சீன, மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்து புள்ளி வைத்ததால்தான் முடிந்தது. பெற்றோர் ஆதரவுக் குழுவின் சார்பில் ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொண்டேன். நாங்கள் பட்ட தடுமாற்றம் இன்னொரு பள்ளிக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதை அளக்கப் போகிறீர்கள்?

கின்னஸ் சாதனை ஒரே ஒரு அளவில் நிற்க வேண்டும். பரப்பளவு, நீளம், ஆள் எண்ணிக்கை, இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 2003-இல் இங்குள்ள வாம்போ சமூக மன்றத்தில் ரங்கோலிக் கலைஞர் விஜயா மோகன் போட்ட 2,756 சதுர அடி ரங்கோலி பரப்பளவுச் சாதனை. அந்த வழியில் போகத் தேர்ந்த கை வேண்டும். பிள்ளைகளை வைத்துச் செய்ய ஆள் எண்ணிக்கைதான் சரி. தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பிள்ளையின் கோணல் கோடும் அதில் முழுசாக ஒன்று.

விண்ணப்பம்

இணையத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிப்பது எளிது. காத்திருப்பதுதான் நீளம். இலவச விண்ணப்பத்துக்குப் பதில் வர 12 வாரம் வரை ஆகும். நிகழ்ச்சி முடிந்து ஆதாரம் அனுப்பினால் மறுபடியும் 12 வாரம் வரை. ஜூலையில் நடத்த ஜனவரியிலேயே எழுதிவிடுங்கள். பணம் கட்டி விரைவாகப் பதில் வாங்கலாம், ஆனால் பள்ளிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன். பதிலோடு வரும் விதிமுறைகளை அச்செடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

பொருளும் இடமும்

அரிசி மாவு கோலத்துக்கு அழகுதான். ஆனால் மண்டபத் தரையில் சிந்தினால் வழுக்கும். நாங்கள் கறுப்பு வான்கார்ட் தாளை (தடித்த அட்டைத் தாள்) ஏ3 அளவில் வெட்டிக்கொண்டோம். வெள்ளை கிரேயான் கறுப்பில் மங்கலாகத்தான் விழுகிறது, சாக்பீஸ் இடக்கைப் பிள்ளைகளின் மணிக்கட்டு பட்டு அழிந்துவிடுகிறது. வெள்ளை ஆயில் பாஸ்டல் வாங்குங்கள், வேறெதுவும் வேண்டாம்.

கோலம் எல்லாருக்கும் ஒன்றே. 5 புள்ளி, இடைப்புள்ளி 3 வரை. மொத்தம் 19 புள்ளி, நடுவில் நட்சத்திரம். சிக்குக் கோலம் வைக்கலாம் என்று ஓர் அம்மா ஆசைப்பட்டார். கோலமே பழகாத பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் அது வராது.

பள்ளியின் திறந்தவெளி அணிவகுப்புச் சதுக்கத்தில் நடத்தத்தான் முதலில் நினைத்தோம். ஜூலையில் காலை வேளையில் சுமத்ரா புயல்காற்று மழையோடு வந்தால் 432 தாளும் பறந்துவிடும். மண்டபமே நல்லது.

எண்ணிக்கை: இங்கேதான் நாங்கள் விழுந்தோம்

ஒத்திகை நாளில் மண்டபத்தின் இரண்டு வாசலிலும் கையில் கிளிக்கரோடு (ஒவ்வோர் ஆளுக்கும் ஒருமுறை அழுத்தி எண்ணும் கருவி) ஆள் நிறுத்தினோம். வாசல் கணக்கு 437. உள்ளே உட்கார்ந்தவர்களை எண்ணினால் 432. மறுபடி எண்ணினோம், அதே 432. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. மூன்று பிள்ளைகள் கழிவறைக்குப் போய்த் திரும்பியபோது இரண்டாம் முறை எண்ணப்பட்டிருக்கிறார்கள். இரண்டு ஆசிரியைகளும் பிள்ளைகளோடு நுழைந்ததில் அவர்களுக்கும் கிளிக்கர் அழுத்தப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சி நாளில் இப்படி நடந்திருந்தால் எங்கள் கணக்கை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் முறையை மாற்றினோம். தாளின் பின்புறம் 1 முதல் 432 வரை எண் எழுதினோம். நுழைய ஒரே வாசல், அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். பெரியவர்கள் மேடைப் பக்கக் கதவு வழியாக வரட்டும். கழிவறை வேலையெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே முடிய வேண்டும். தொடங்கிய பின் எழுந்து போனால், அந்தத் தாள் கணக்கில் சேராது.

தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒன்பது கட்டம் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் வீதம் ஆறு வரிசை, ஆக 48 பேர். இப்படிப்பட்ட கூட்டுச் சாதனைகளில் 50 பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும் என்பது விதி. அதனால்தான் 48, ஒருவர் நின்ற இடத்திலிருந்தே தன் கட்டத்தைப் பார்த்துவிடலாம். கோலத்தை முடிக்காத பிள்ளையின் எண்ணைக் குறித்து அவர் கழிக்க வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் கழித்துத்தான் ஆக வேண்டும். ஒன்பது பேரும் கையெழுத்திட்ட தாள்களின் கூட்டல்தான் உங்கள் எண்ணிக்கை. கிளிக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சாட்சியும் காணொளியும்

சாட்சிகள் இருவர் வேண்டும், இருவருமே பள்ளிக்குச் சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும். கோலத்தில் கைதேர்ந்த ஒருவரை முதலில் கேட்டிருந்தோம். அவருடைய பேத்தி நான்காம் கட்டத்தில் உட்காரப் போகிறாள் என்று தெரிந்ததும் அவரே விலகிக்கொண்டார். கட்டம் பிரிக்கும்போதே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைச் சாட்சிகளிடம் காட்டிவிடுங்கள்.

காணொளி, முதல் ஊதலுக்கு முன்பிருந்து கடைசி ஊதலுக்குப் பின்புவரை இடையில் வெட்டாமல் ஓட வேண்டும். மேடையில் முக்காலி போட்டு ஒன்று, மாடியிலிருந்து இன்னொன்று. கைப்பேசியில் எடுத்தால் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடலாம், விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

தாள்களை எண் வரிசையில் அடுக்கிக் கட்டி வையுங்கள். ஆதாரம் அனுப்பி, பதில் வரும்வரை பிள்ளைகளிடம் திருப்பித் தர வேண்டாம். நாங்களும் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்த ஓர் ஆசிரியர், படமெடுக்கப் பெற்றோர் சம்மதிக்காவிட்டால் அந்தப் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டார். பள்ளியும் பெற்றோரும் தொடர்புகொள்ளும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் சம்மதப் படிவத்தை ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள், பதில் வராதவர்களை நேரில் கேளுங்கள். காணொளியில் எல்லார் முகமும் விழும் என்பதால் சம்மதம் இல்லாத பிள்ளையைக் கட்டத்தில் உட்கார வைக்க முடியாது. அதற்காக வகுப்பறையில் தனியே விட்டுவிடாதீர்கள். எங்களிடம் அப்படி ஒரு பையன் இருந்தான். கேமராவுக்குப் பின்னால் நின்று தொடக்க ஊதலை ஊதியது அவன்தான்.